யக்னோப்: 1300 ஆண்டுகள் மலை காத்த மொழி, ஓராண்டில் காலியான கிராமங்கள்

மத்ரஸாவில் இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நூலை ஓதிய ஆலிம்களுக்கு மட்டுமல்ல, நம் வீடுகளில் ஹதீஸ் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் புகாரா, ஸமர்கந்து என்ற பெயர்கள் அறிமுகமானவை. அந்த இரு நகரங்களையும் வாழவைத்த ஆறு ஸராஃப்ஷான். இமாம் அவர்கள் பிறந்த புகாராவும், அடக்கமாகியிருக்கும் ஸமர்கந்து அருகிலுள்ள கர்தங்கும் அந்த ஆற்றின் பாசனத்தில் செழித்த ஊர்கள்தாம்.

ஆனால் ஸராஃப்ஷானுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டதில்லை. இன்றைய தஜிகிஸ்தானின் பனிமலைகளிலிருந்து வருகிறது. அந்த மலைகளின் இடுக்கில் ஓடும் ஒரு கிளையாறு யக்னோப். அதன் கரையில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டப்பட்ட சில சிறு கிராமங்கள் இருக்கின்றன. இமாம் புகாரியின் காலத்தில் அந்தச் சமவெளியின் கடைத்தெருக்களில் கேட்ட ஸுக்து மொழியின் ஒரு கிளை இன்று வாழ்வது இந்த மலை மக்களின் நாவில் மட்டுமே. அந்தக் கிராமங்களின் நிலத்தையும் வரலாற்றையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

தஜிகிஸ்தான் மலைகளின் நாடு. அதன் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மலைதான். தலைநகர் துஷன்பேக்கு வடக்கே ஹிஸார் மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதற்கும் வடக்கே அதே திசையில் ஸராஃப்ஷான் மலைத்தொடர். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஓடுகிறது யக்னோப் ஆறு. கீழே வந்ததும் இஸ்கந்தர் தர்யா என்ற ஆறு அதனுடன் சேர்கிறது. இரண்டும் கலந்து ஃபான் தர்யா என்ற பெயர் பெற்று, அய்னி என்ற ஊரருகே ஸராஃப்ஷானில் கலக்கிறது. அங்கிருந்து அந்த நீர் பஞ்ஜகெந்தைக் கடந்து, உஸ்பெகிஸ்தானுக்குள் நுழைந்து, ஸமர்கந்து வழியாகப் புகாராவை நோக்கிப் போகிறது. கடலையோ பெரிய ஆற்றையோ எட்டாமல் வயல்களிலும் மணலிலுமே தீர்ந்துவிடுகிறது.

நிர்வாகக் கணக்கில் யக்னோப், ஸுக்து மாநிலத்தின் அய்னி வட்டத்தைச் சேர்ந்தது. மாநிலத்தின் பெயரிலேயே பழைய ஸுக்து நாட்டின் நினைவு இருக்கிறது.

துஷன்பேயிலிருந்து வடக்கே குஜந்துக்குப் போகும் நெடுஞ்சாலை, பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது. முன்பு 3372 மீட்டர் உயரமுள்ள அன்ஸோப் கணவாயைத் தாண்டித்தான் வரவேண்டும். பனிக்காலத்தில் அது மூடிவிடும். ஈரானின் உதவியுடன் குடையப்பட்ட 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 2006இல் திறக்கப்பட்ட பிறகு அந்தத் தடை குறைந்தது. ஆனால் அது நெடுஞ்சாலைக்கு மட்டும். அன்ஸோப் ஊரிலிருந்து ஆற்றோரமாகக் கிழக்கே திரும்பினால், செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் மர்கிப் என்ற கிராமம் வரும். அதற்கும் மேலே பாதை குறுகிவிடும். உள்ளிருக்கும் ஊர்கள் பலவற்றுக்குக் கழுதையும் கால்நடையுமே வழி.

இந்த மேல் கிராமங்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2500 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. நம் ஊட்டியைவிட உயரம். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் பனி மூடியிருக்கும். கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு விளையும். ஆடும் மாடும்தான் சொத்து. மரம் அரிது என்பதால் சாணத்தைத் தட்டி உலர்த்திய வறட்டிதான் குளிர்கால எரிபொருள். வீடுகளுக்குத் தட்டையான மண் கூரை. கோடையில் அறுத்த புல்லை அதன் மேல் குவித்து வைப்பார்கள். குளிர்காலம் தொடங்கியபின் நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோவது பெரும்பாடு.

நவாச்சாரம் விளைந்த மலை

அரபுப் புவியியல் அறிஞர்கள் இந்த மலைகளைப் 'புத்தம்' என்ற பெயரில் எழுதினார்கள். இஸ்தக்ரி, இப்னு ஹவ்கல் போன்ற 10ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இங்கே ஒரு குகையிலிருந்து புகை எழுவதையும், அதை அடைத்துப் படியவைத்து நவாச்சாரம் எடுப்பதையும் விவரித்திருக்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது சூட்டில் தேய்த்தால் வெள்ளைப் புகை கிளம்புமே, அதே நவாச்சாரம்தான். இதற்குக் காரணம் பூமிக்கு அடியில் எரியும் நிலக்கரிப் படுகை. யக்னோப் ஆறு ஃபான் தர்யாவாக மாறும் இடத்துக்கு அருகில் அந்த நெருப்பு இன்றும் அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது.

ஸுக்து மக்கள் யார்?

இஸ்லாம் வருவதற்கு முன் ஸமர்கந்தும் பஞ்ஜகெந்தும் ஸுக்து மக்களின் நகரங்கள். சீனத்துக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையே பட்டும் கஸ்தூரியும் கொண்டுசென்ற வணிகர்கள் அவர்கள். பட்டுச் சாலையின் நெடுகிலும் அவர்கள் மொழி செல்லுபடியானது. அவர்களுக்குத் தனி எழுத்து இருந்தது. அக்காலத்தில் பெரும்பாலோர் மஜூஸி மார்க்கத்தின் ஒரு வடிவத்தைப் பின்பற்றினார்கள்.

அவர்களுடைய கடைசிக் காலத்தைப் பற்றி நமக்குத் தெரியக் காரணம் ஓர் ஆடு மேய்ப்பவர். 1932இல் ஸராஃப்ஷான் ஆற்றின் மேல்பகுதியில், முக் மலை என்ற குன்றில் ஒரு பழைய ஆவணம் அவர் கையில் கிடைத்தது. 'முக்' என்ற பாரசீகச் சொல்லும் குர்ஆனில் வரும் 'மஜூஸ்' என்ற சொல்லும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு லெனின்கிராட் அறிஞர்கள் வந்து அகழ்ந்தபோது, இடிந்த கோட்டையிலிருந்து 70க்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளிவந்தன. தோலிலும் காகிதத்திலும் சீவிய குச்சிகளிலும் எழுதப்பட்டவை. பஞ்ஜகெந்தின் கடைசி மன்னர் தேவாஷ்திச் ஓடி ஒளிந்தபோது கொண்டுவந்த அலுவலகத் தாள்கள் அவை.

அவற்றில் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 710இல் எழுதப்பட்ட திருமண ஒப்பந்தம். மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தால் 30 திர்ஹம் தண்டம் தரவேண்டும். கணவனைப் போல மனைவியும் மணவாழ்க்கையை முறித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்திலும் ஒப்பந்தத்திலும் ஊறிய சமூகம் அது.

இன்னொன்று தோலில் எழுதப்பட்ட அரபுக் கடிதம். அது பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்குகிறது. எழுதியவர் தேவாஷ்திச், பெறுபவர் குராஸானின் ஆளுநர் அல்-ஜர்ராஹ் இப்னு அப்துல்லாஹ். அரபியறிஞர் கிராச்கோவ்ஸ்கி அதைப் படித்து, இமாம் தபரியின் வரலாற்று நூலில் வரும் மன்னர் இவர்தான் என்று கண்டறிந்தார். பிற்காலத்தில் வெளியான ரஷ்ய மொழிக் குர்ஆன் மொழிபெயர்ப்பும் அவருடையதே.

ஒரு நீதியும் ஓர் அநீதியும்

அந்தக் கடிதம் எழுதப்பட்டது கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சிக்காலத்தை ஒட்டி. கி.பி. 717 முதல் 720 வரை அவர்கள் ஆட்சி செய்தார்கள். இஸ்லாத்தை ஏற்ற பிறகும் குராஸான் மக்களிடம் ஜிஸ்யா வாங்கப்பட்டதை அவர்கள் தடுத்தார்கள். வரிக்குத் தப்பத்தான் மக்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு வருகிறார்கள், விருத்தசேதனம் செய்திருக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கலாமா என்று ஆளுநர் ஜர்ராஹ் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அனுப்பப்பட்டது அழைப்பாளராகவே என்ற பொருளில் பதில் எழுதினார்கள். பிறகு ஜர்ராஹ் பதவியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

அந்த நீதி நீடிக்கவில்லை. உமர் (ரஹ்) மறைந்தபின் வரிக் கெடுபிடி திரும்பியது. ஸுக்து மக்கள் கிளர்ந்தார்கள். ஒரு கூட்டம் குஜந்துப் பக்கம் போனது. தேவாஷ்திச் தம் மக்களுடன் முக் மலைக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். புதிய ஆளுநர் ஸஈத் அல்-ஹரஷி இரு பக்கமும் படை அனுப்பினார். குஜந்தில் உடன்பாட்டின் பேரில் சரணடைந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தேவாஷ்திச்சும் அபயம் பெற்றுத்தான் கோட்டையிலிருந்து இறங்கினார். ஆனால் ஹிஜ்ரி 104இல், அதாவது கி.பி. 722இல், ஹரஷி அவரைக் கொன்றுவிட்டார்.

இதை நமக்குச் சொல்வது எதிரிகளின் நூல் அல்ல, இமாம் தபரி (ரஹ்) அவர்களின் வரலாறு. ஹரஷியின் மேலதிகாரியான இராக் ஆளுநர் இப்னு ஹுபைரா, தேவாஷ்திச்சை விடுவிக்கச் சொல்லியிருந்தும் ஹரஷி கொன்றார் என்றும், அவர் பதவி இழந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் இதை மறைக்கவேண்டிய அவசியம் இல்லை. கொடுத்த அபயத்தை மீறுவது மார்க்கத்தில் பெரும் குற்றம். குற்றம் செய்தவர் ஆளுநர் என்பதற்காக நம் முன்னோரான வரலாற்றாசிரியர்கள் பேனாவை மூடிவைக்கவில்லை.

மலைக்குள் போன மொழி

அந்தத் தோல்விக்குப் பின் தப்பியவர்கள் மலைக்குள் ஏறி யக்னோபில் குடியேறினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அவர்கள் வருமுன்பே அங்கு ஸுக்து மொழியின் ஒரு வட்டார வழக்கைப் பேசிய மலைவாசிகள் இருந்திருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். எப்படியானாலும், இன்றைய யக்னோபி மொழி பழைய ஸுக்து மொழிக் குடும்பத்தின் எஞ்சிய ஒரே வாரிசு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

சமவெளியில் அந்த மொழியை எவரும் வாளால் அழிக்கவில்லை. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஸாமானிய அரசர்கள் புகாராவில் ஆண்டபோது அரபு மார்க்கக் கல்வியின் மொழியாகவும், பாரசீகம் அரசவைக்கும் சந்தைக்கும் உரிய மொழியாகவும் வளர்ந்தன. பிள்ளைகள் பிழைப்புக்குப் பயன்படும் மொழிக்கு மாறினார்கள். சில தலைமுறைகளில் ஸுக்து மொழி வீட்டிலும் நின்றுபோனது. இன்று தஜிக் என்று அழைக்கப்படுவது அந்தப் பாரசீகத்தின் ஒரு வடிவம்தான்.

யக்னோபுக்குச் சந்தையும் அரசவையும் எட்டவில்லை. இஸ்லாம் எட்டியது. அம்மக்கள் ஸுன்னி முஸ்லிம்கள். தொழுகையில் அரபு, வெளியூராருடன் தஜிக், அடுப்படியில் யக்னோபி என்று மூன்று மொழிகளும் சண்டையில்லாமல் வாழ்ந்தன. முஸ்லிம் ஆவதற்குத் தாய்மொழியை விடவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

தங்கள் மொழியை அவர்கள் 'யக்னோபி ஸிவோக்' என்பார்கள். ஸிவோக் என்றால் நாக்கு, மொழி. உர்தூவில் வரும் 'ஸபான்' என்ற சொல்லுக்கு உறவான சொல் அது. சிறிய பள்ளத்தாக்கு என்றாலும் அதிலும் இரண்டு வழக்குகள் உண்டு. பகலை மேற்குக் கிராமத்தார் 'மேத்' என்பார்கள், கிழக்குக் கிராமத்தார் 'மேஸ்' என்பார்கள். ஓர் எழுத்தைக் கேட்டே எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாம்.

வெளியுலகம் இந்த மொழியை அறிந்தது 1870இல். ரஷ்யப் படை ஸராஃப்ஷானின் மேல்பகுதிக்குப் போனபோது கூன் என்ற கீழைத்தேய அறிஞரும் சென்றார். அவருடன் போன ஸமர்கந்து முல்லா மிர்ஸா அப்துர்ரஹ்மான் பயண நாட்குறிப்பு எழுதினார்; யக்னோபி மொழி பற்றிய தொடக்கக் குறிப்புகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. இந்த மொழியை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்களில் ஒருவர் மத்ரஸாவில் ஓதியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1970: ஹெலிகாப்டர்கள் வந்தன

அரபுப் படைகள், ஸாமானியர், மங்கோலியர், புகாரா அமீர்கள், ரஷ்யப் பேரரசர் என்று சமவெளியில் ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. மலைக் கிராமங்கள் தங்கள் வறட்டி அடுப்போடு தொடர்ந்தன. அவற்றைக் காலி செய்தது சோவியத் திட்ட அலுவலகத்தின் ஓர் உத்தரவு.

தஜிகிஸ்தானின் வடக்கே ஸஃபரோபாத் என்ற வறண்ட சமவெளி இருக்கிறது. 'பசிப் புல்வெளி' என்றே பெயர் பெற்ற பெரும் பாலையின் ஒரு பகுதி. சிர் தர்யா ஆற்றின் நீரைக் கொண்டுவந்து அங்கே பருத்தி விளைவிக்க அரசு முடிவு செய்தது. நீர் வந்தது, பருத்தி எடுக்கக் கைகள் வேண்டும். மலையில் ஆள் இருந்தது.

1970இலும் அடுத்த ஆண்டிலும் யக்னோப் பள்ளத்தாக்கு முழுதும் காலி செய்யப்பட்டது. பனிச்சரிவும் நிலநடுக்கமும் உங்களை அழித்துவிடும், பாதுகாப்பான இடத்துக்குப் போகிறீர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பனிச்சரிவு அபாயம் பொய்யல்ல. பாதையும் மருத்துவமும் இல்லாத வாழ்க்கை கடினம் என்பதும் உண்மை. ஆனால் போகலாமா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். ஆடு மாடுகளும் விளைச்சலும் முன்னோர் கப்ருகளும் பின்னால் நின்றன. திரும்பி வரக்கூடாது என்பதற்காகப் பல வீடுகள் இடிக்கப்பட்டன.

பனியில் வாழ்ந்து பழகிய உடம்புகள், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், பருத்திக் காட்டில் இறக்கப்பட்டன. குடிநீரும் வேறு, காற்றும் வேறு. முதல் ஆண்டுகளில் நோயாலும் வெப்பத்தாலும் பலர் இறந்தார்கள். தலைமுறைகளாகக் காத்த மார்க்க நூல்கள் பலவும் அந்த இடப்பெயர்ப்பில் அழிந்தன.

இது யக்னோபுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1920களிலிருந்தே தஜிகிஸ்தானின் மலை மக்கள் பலர், வக்ஷ் சமவெளி உள்ளிட்ட பருத்திப் பகுதிகளுக்கு இப்படி இறக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் இழந்தது ஊரை. யக்னோபியர் ஊரோடு சேர்த்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மொழியின் ஒரே வீட்டையும் இழந்தார்கள்.

திரும்பியவர்கள்

சில குடும்பங்கள் அடங்கவில்லை. நடந்தே மலைக்குத் திரும்பினார்கள். பிடித்து மறுபடி கீழே அனுப்பினார்கள், மறுபடியும் வந்தார்கள். 1980களில் கெடுபிடி தளர்ந்தபோது சில குடும்பங்கள் நிலையாகக் குடியேறின. இடிந்த சுவர்களின் கற்களைப் பொறுக்கி அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள். இன்று பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் வாழ்பவர்கள் சில நூறு பேர்தாம். பல கிராமங்களில் இரண்டு மூன்று வீடுகளுக்கு மேல் இல்லை. யக்னோபியரில் பெரும்பாலோர் ஸஃபரோபாதிலும் துஷன்பே சுற்றுப்புறத்திலும் வாழ்கிறார்கள். மொழியைப் பேசுவோர் மொத்தம் சுமார் 12,000 என்று ஒரு கணக்கு உண்டு.

1989இல் தஜிகிஸ்தான் இயற்றிய மொழிச் சட்டம் யக்னோபி மொழியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் பயன்பாட்டுக்கு இடமளித்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. எழுத்தே இல்லாமல் இருந்த மொழிக்குத் தஜிக்கின் சிரில்லிக் எழுத்தைத் தழுவி நூல்கள் வந்தன. ஆயினும் பள்ளியும் தொலைக்காட்சியும் வேலையும் தஜிக்கிலேயே நடக்கின்றன. வேலைக்காக ரஷ்யா போகும் இளைஞருக்கு ரஷ்ய மொழியும் தேவை. சமவெளிக்கு வந்த குடும்பங்களில், தாயும் பாட்டியும் வீட்டில் விடாமல் பேசினால் மொழி நிற்கிறது. விட்டால் ஒரே தலைமுறையில் போகிறது. ஸாமானியர் காலத்தில் ஸமர்கந்தில் நடந்தது இப்போது ஸஃபரோபாதின் வீடுகளில் நடக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

வானங்கள், பூமியின் படைப்போடு மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் ஸூரத்துர் ரூமின் 22ஆம் வசனத்தில் எண்ணுகிறான். அப்படியானால் ஒரு மொழி நின்றுபோவதும், பேசும் மக்கள் ஊரைவிட்டுத் தூக்கி எறியப்படுவதும் வெறும் புள்ளிவிவரம் அல்ல. ஓர் அத்தாட்சி நம் கண்முன் மங்குவது.

யக்னோபின் வரலாற்றில் அநீதி இரண்டு முறை வந்தது. ஒரு முறை கொடுத்த வாக்கை மீறிய ஆளுநரின் வடிவில், இன்னொரு முறை நலத்திட்டம் என்ற பெயரில். முதலாவதைச் செய்தவர் கலிமா சொன்னவர், இரண்டாவதைச் செய்தவர்கள் மறுத்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். தபரி (ரஹ்) அவர்களுக்கு அது இருந்தது.

அடுத்த முறை வீட்டில் புகாரி ஷரீஃபின் ஒரு ஹதீஸை வாசிக்கும்போது, பிள்ளைகளுக்கு உலக வரைபடத்தை எடுத்துப் புகாராவைக் காட்டுங்கள். அங்கிருந்து விரலை ஸராஃப்ஷான் ஆற்றின் மேல் கிழக்கே நகர்த்தி, ஸமர்கந்தையும் பஞ்ஜகெந்தையும் கடந்து, அய்னியில் தெற்கே திரும்பி மலைக்குள் போங்கள். அங்கே சில வீடுகளில் புகை எழும். அந்த வீட்டுத் தாய் தன் பிள்ளையை எழுப்புவது, இமாம் அவர்களின் ஊரார் ஒரு காலத்தில் கேட்டிருந்த ஸுக்து மொழியின் மிச்சத்தில். அந்த வீடுகளையும் அவர்கள் நாவையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.